மஜெந்தா ஒரு ஊரின் பெயர்

மொன்றியல் துறைமுகத்தைப் பார்க்க டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. ழாக் கார்த்தியே பாலத்தடியில் இருந்து நொத்ர்-தாம் வீதியால் கிழக்கே காரை விட்டால் போதும். வலது கைப் பக்கம், வேலிக்கும் ரெயில் பாதைக்கும் பின்னால், ஆற்றோரமாக நீளத்துக்குக் கொண்டெய்னர்கள் அடுக்கியிருக்கும். அத்திலாந்திக்கில் இருந்து 1600 கிலோமீற்றர் உள்ளே தள்ளி இப்படி ஒரு துறைமுகம் இருப்பதே எனக்கு இன்னும் புதினமாகத்தான் இருக்கிறது. மார்ஸ்க் சாம்பல் நிறம். ஹப்பாக்-லொயிட் செம்மஞ்சள். சிஎம்ஏ சிஜிஎம் கடும் நீலம். இவை எல்லாம் ஒரு கப்பல் கொம்பனிக்காரன் தெரிவு செய்வான் என்று நாங்கள் நினைக்கக்கூடிய நிறங்கள்தான். இவற்றுக்கு நடுவில், கலியாண வீட்டுக்குச் சேலை உடுத்தி வந்தது போல் பளீரென்று ஒரு பெட்டி நிற்கும். அதில் வெள்ளை எழுத்தில் 'வன்' என்று போட்டிருக்கும். 2018 ஏப்ரலில் ஜப்பானின் மூன்று பழைய கப்பல் கொம்பனிகள் தங்கள் கொண்டெய்னர் வியாபாரத்தை ஒன்றாக்கித் தொடங்கியது அது. அதன் நிறம் மஜெந்தா.

என் மகளுக்கு ஏழு வயது. பின் சீற்றில் இருந்து நிறங்களை எண்ணுவாள். பள்ளிக்கூடம் பிரெஞ்சில் என்பதால் நிறங்களும் அவளுக்குப் பிரெஞ்சில்தான் முதலில் வரும். வீட்டில் அம்மா விடமாட்டா. ஒவ்வொன்றுக்கும் தமிழ் கேட்பா. மஜெந்தாவுக்கு என்ன என்று பிள்ளை திருப்பிக் கேட்டபோது அம்மா யோசிக்கவே இல்லை.

"வாடாமல்லி."

"அது என்ன அம்மம்மா?"

"அது ஒரு பூ. காய்ஞ்சாலும் நிறம் போகாது."

"அப்ப மஜெந்தா என்ன பூ?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்துக்கொண்டது. எங்கட ஆட்கள் நிறத்துக்குப் பெயர் வைத்தால் அதற்குள் ஒரு பொருள் இருக்கும். கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு, கனகாம்பரம். காஞ்சிபுரத்துச் சேலைக் கடைகளில் 'எம்.எஸ். புளூ' என்று கேட்டு வாங்குவார்கள், அது எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலம். பூ, பழம், பறவை, மிஞ்சிப் போனால் ஒரு பாடகி. அப்படிப் பார்த்தால் மஜெந்தாவும் ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிள்ளை நினைத்தது நியாயம்தானே.

அம்மா அதற்கும் மறுமொழி வைத்திருந்தா. "மஜென்ரா பாரிசில ஒரு ஸ்ரேசன். மாமா வீட்டுக்குப் போகேக்க அங்கதான் இறங்கினனான்."

சிரிப்பு வந்தாலும், அம்மா சொன்னது பிழையில்லை. பாரிசில் கார் து நோர் ரெயில் நிலையத்தோடு ஒட்டினாற்போல் மஜெந்தா என்று ஒரு நிலக்கீழ் நிலையம் இருக்கிறது. பக்கத்தால் போகும் பெரிய தெருவும் மஜெந்தாதான். லாச்சப்பலுக்குப் போய்ப் பலகாரமும் முருங்கைக்காயும் வாங்கின எங்கட சனம் எத்தனையோ பேர் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போயிருப்பார்கள். அந்தப் பெயர் அங்கே வந்த கதையும் நிறத்துக்கு அந்தப் பெயர் வந்த கதையும் ஒன்றுதான்.

மஜெந்தா என்பது வட இத்தாலியில், மிலானுக்கு மேற்கே 25 கிலோமீற்றர் அளவில் இருக்கிற ஒரு ஊர். 1859 ஜூன் 4ஆம் தேதி அங்கே ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும் அதோடு சேர்ந்த பியேமொன்ற் அரசும். மறு பக்கம் அந்தப் பகுதியை ஆண்ட ஒஸ்ரியா. சண்டை ஊருக்கு வெளியே, வாய்க்கால் பாலங்களில் தொடங்கி, பின்னேரம் ஊருக்குள் வந்தது. ரெயில் நிலையத்திலும் வீட்டுச் சுவர்களுக்குப் பின்னாலும் நின்று சுட்டுக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். செத்தவர், காயப்பட்டவர், காணாமற் போனவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து ஒஸ்ரியப் பக்கம் 10,000 பேரளவில், பிரெஞ்சுப் பக்கம் 4500 பேரளவில் என்று கணக்குச் சொல்கிறார்கள். வென்ற தளபதி மக்மஹோனுக்கு 'மஜெந்தாவின் கோமகன்' என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தாள் 1873இல் பிரான்சின் ஜனாதிபதியாகவும் வந்தார். பாரிசின் புதிய பெருந்தெரு ஒன்றுக்கு வெற்றியின் பெயரை வைத்தார்கள். அம்மா இறங்கின ஸ்ரேசன் 1999இல் திறந்தபோது அந்தத் தெருவின் பெயரை எடுத்துக்கொண்டது.

சரி, நிறம்?

இணையத்தில் தேடினால் ஒரு கதை கட்டாயம் வரும்: போர்க்களத்தில் ஓடிய இரத்தத்தின் நிறம்தான் மஜெந்தா என்று. இன்னொரு கதை, அங்கே சண்டை பிடித்த சுவாவ் படையினரின் சிவப்புக் காற்சட்டையின் நிறம் என்கிறது. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் தேதிகளை எடுத்து வைத்துப் பார்த்தால் சரிவராது. பிரான்சின் லியோன் நகரில் வேர்கன் என்ற இரசாயனவியலாளர் அனிலினில் இருந்து இந்தச் சாயத்தை உண்டாக்கினார். அதை வாங்கிய றெனார் சகோதரர்கள் காப்புரிமைக்குப் பதிந்தது 1859 ஏப்ரல் 8. சண்டைக்கு இரண்டு மாதம் முதலே சாயம் இருக்கிறது. அப்போது அதன் பெயர் ஃபுக்சின். ஃபுக்ஷியா பூவின் பெயரில் இருந்து வந்தது. 'றெனார்' என்றால் பிரெஞ்சில் நரி. நரிக்கு ஜெர்மன் சொல் 'ஃபுக்ஸ்'. முதலாளியின் பெயரும் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்று ஒரு பகிடியும் உண்டு.

ஆக, முதலில் அதுவும் ஒரு பூவின் பெயர்தான். அம்மாவும் லியோன்காரரும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறார்கள்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முதல், 1856இல், லண்டனில் பேர்கின் என்ற 18 வயதுப் பெடியன் மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தான். தாரில் இருந்து காசு காய்க்கும் என்று தெரிந்ததும் ஐரோப்பா முழுக்கச் சாயப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புது நிறம், அதற்கொரு புதுப் பெயர். இங்கிலாந்தில் இதே சிவப்புச் சாயத்தைச் செய்த நிக்கல்சன் என்பவரின் கொம்பனி 1860இல் அதை முதலில் 'றொசீன்' என்று விற்றது. அதே வருடம் பெயரை 'மஜெந்தா' என்று மாற்றியது. பேப்பர்களில் வெற்றிச் செய்தி வந்து இன்னும் சூடு ஆறவில்லை, பெயர் எல்லாருடைய வாயிலும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு படம் ஓடினால் சேலைக்கு அந்தப் படத்தின் பெயரை வைத்து விற்பது போலத்தான். இரத்தத்துக்கும் அந்த நிறத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உண்மைக் கதை இரத்தக் கதையைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே நெஞ்சில் குத்துகிறது. அத்தனை ஆயிரம் பேர் விழுந்த இடத்தின் பெயரை ஒரு வருடத்துக்குள் ரிபனுக்கும் பாவாடைத் துணிக்கும் போட்டுவிட்டார்கள்.

இந்த வியாபாரம் எங்கட கரைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சோழமண்டலக் கரையிலும் மணல் தரையில் கிண்டி எடுத்த சாயவேரில் இருந்துதான் நூற்றாண்டுக் கணக்காகத் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அந்த வேர் கிண்டும் உரிமையே அரசுக்கு வருமானம். 1869இல் ஜெர்மன்காரர் மஞ்சிட்டி வேரின் சிவப்பான அலிசரினையும் தாரில் இருந்து செய்து காட்டினார்கள். சாயவேரின் சிவப்பும் அதே பொருள்தான். பிறகு யார் வெயிலில் நின்று வேர் கிண்டுவான்?

மொன்றியலுக்கு மஜெந்தாச் செய்தி எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அத்திலாந்திக்குக்கு அடியால் போட்ட முதல் தந்திக் கம்பி 1858இல் சில கிழமைகளிலேயே செத்துப்போனது. ஆகவே 1859 கோடையில் ஐரோப்பியச் செய்தி எல்லாம் நீராவிக் கப்பலில்தான் கடல் தாண்டியது. சண்டை முடிந்து நாட்கள் கழித்துத்தான் வந்து சேரும். அந்தக் கோடையில் இந்த ஆற்றுக்கு மேல் விக்டோரியா பாலத்தைக் கட்டி முடிக்கிற அவசரத்தில் இருந்தார்கள். வருடக் கடைசியில் அதன் மேல் ரெயில் ஓடியது. நிறத்தைவிட அந்தப் போரின் விளைவுதான் இந்த நகரத்தை உலுக்கியது. 1859இல் வேகம் பிடித்த இத்தாலிய ஒற்றுமைப் போராட்டம் பாப்பரசரின் நிலங்களைத் துண்டு துண்டாக விழுங்கிக்கொண்டு போனது. மொன்றியல் ஆயர் பூர்ஜே அதைப் பொறுக்கமாட்டாமல், 1868 முதல் இங்கிருந்து பெடியங்களைத் திரட்டி றோமைக் காக்க அனுப்பினார். 500 பேரளவில் போனார்கள். அவர்களின் பெயரும் சுவாவ். றெனே-லெவெக் வீதியில் இருக்கும் மரி-றென்-து-மொந்த் பேராலயத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. எனது அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரம். தூரத்து மண்ணின் சண்டைக்காக மொன்றியல் வீடுகளில் இருந்து பிள்ளைகள் புறப்பட்டுப் போனதும், போகாதவர்கள் காசு சேர்த்ததும், கோயிலில் வழி அனுப்பி வைத்ததும் எங்களுக்குப் புரியாத சங்கதி இல்லை.

தொழில் புத்தியால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இணையப் பக்கம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், நிறங்களுக்குப் பெயர் கொடுத்தும் எழுதலாம். அந்தப் பட்டியலில் 'ஃபுக்ஷியா' என்றும் ஒன்று உண்டு, 'மஜெந்தா' என்றும் ஒன்று உண்டு. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்: சிவப்பு 255, பச்சை 0, நீலம் 255. ஒரே சாயத்துக்கு வைத்த இரண்டு பெயர்களும் 160 வருடம் கழித்தும் ஒன்றை ஒன்று தள்ளாமல் கணினிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பிரின்ரருக்குள் போடும் மஜெந்தா மை வேறு, அந்தப் பழைய சாயம் வேறு, திரையில் தெரிவது வேறு; பெயர் மட்டும்தான் ஒன்று. அதைவிட, வானவில்லில் இந்த நிறமே இல்லை. சிவப்பு ஒரு ஓரம், ஊதா மறு ஓரம். இரண்டும் சேர்ந்து கண்ணில் படும்போது மூளை தானாகக் கட்டிக்கொள்கிற நிறம் இது. இயற்கையில் இல்லாதது என்று அர்த்தமில்லை. வாடாமல்லி இருக்கிறதே. ஒற்றை அலைநீளமாக இல்லை, அவ்வளவுதான்.

மஜெந்தாவுக்கு ஒரு தங்கச்சி நிறமும் இருந்தது. அதே போரில், 20 நாள் கழித்து, ஜூன் 24இல், சொல்ஃபெரினோ என்ற இடத்தில் இன்னும் பெரிய சண்டை நடந்தது. அந்தப் பெயரையும் விட்டு வைக்காமல் ஒரு இளஞ்சிவப்புக்குச் சூட்டினார்கள். இன்றைக்கு அந்த நிறப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சண்டை வேறு ஒன்றைக் கொடுத்தது. ஜெனிவாவைச் சேர்ந்த வியாபாரி ஒன்றி டியூனான், தன் அலுவலாக அந்தப் பக்கம் போனவர், காயப்பட்டவர்களைப் பார்க்க ஆள் இல்லாமல் கிடந்ததைக் கண்டார். அக்கம் பக்கத்து ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்தப் பக்கத்து ஆள் என்று பாராமல் தண்ணீர் கொடுத்துக் காயம் கட்டினார். 1862இல் அதைப் புத்தகமாக எழுதினார். அதில் இருந்து 1863இல் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது.

2009இல் பெப்ரவரி முதல் மே வரை, வன்னிக் கடற்கரையில் இருந்து காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனது அதே செஞ்சிலுவை. புதுமாத்தளனில் இருந்து போனவர்களில் எங்கட சின்னம்மாவும் ஒரு ஆள். வலது காலில் செல் துண்டு. கப்பலில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தன் கையைப் பிடித்தபடி இருந்ததை மட்டும் இப்பவும் சொல்லுவா. வேறு ஒன்றும் சொல்லமாட்டா; நாங்களும் கேட்பதில்லை. சொல்ஃபெரினோ என்று ஒரு ஊர் இருப்பதே சின்னம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். மஜெந்தா என்ன பூ? ஏழு வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்வது, எதை விடுவது? மனைவிக்கும் எனக்கும் இதில் ஒரே கருத்து இல்லை. "கலர் பென்சிலோட விளையாடுற பிள்ளைக்குப் போர்க்களத்தைக் காட்டப் போறீங்களா?" என்பது அவவின் பக்கம். எனக்கோ, மறைத்தால் அந்தச் சாயக்காரர் செய்ததையே நானும் செய்கிற மாதிரி. கடைசியில் நான் அவளுக்குச் சொன்னது: மஜெந்தா பூ இல்லை, இத்தாலியில் ஒரு ஊர். அங்கே ஒருக்கால் பெரிய சண்டை நடந்தது, கனபேர் செத்துப்போனார்கள், சாயம் விற்றவர்கள் அந்தப் பெயரைச் சாயத்துக்கு வைத்துவிட்டார்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க இப்ப ஆக்கள் இருக்கினமா?" என்று கேட்டாள்.

இருக்கினம். படத்தில் காட்டினேன். ரெயில் நிலையம் இருக்கிறது. பள்ளிக்கூடம், கடை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற சனம். ஒரு பழைய வீட்டின் முகப்பில் 1859இன் சன்னப் பொத்தல்களை மூடாமல் விட்டிருக்கிறார்கள். செத்தவர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவுத் தூண் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊரில் அந்த நாளை நினைவு கூருகிறார்கள். உலகத்துக்கு அது நிறம். அந்தச் சனத்துக்கு அது தபால் முகவரி.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், அம்மாவின் ஊர் இயக்கச்சி. ஆனையிறவுக்குப் பக்கம். 1991 ஜூலையில் அங்கே சண்டை தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டது எனக்கு நினைவில்லை. பிறகு 2000 ஏப்ரல். பிறகு 2009 ஜனவரி. எங்கட தலைமுறைக்கு ஆனையிறவு என்றால் ஒரு சமரின் பெயர். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கூட்டங்களில் கேட்ட சொல். இப்போது ஏ9 வீதியால் போகிறவர்கள் பார்ப்பது, உடைந்த கவச புல்டோசர் ஒன்றையும், இலங்கைத் தீவைத் தூக்கிப் பிடிக்கும் கைகள் உள்ள ஒரு நினைவுச் சின்னத்தையும். ஆளுக்கு ஆள் ஒரு சாயம் ஏற்றி முடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பெயருக்குள் இருப்பது யானை. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குள் இறக்கின துறை என்பதால் ஆனையிறவு. விற்பதற்காகக் கொண்டுபோன யானைகள். அதற்குப் பிறகு அது உப்பு. 'ஆனையிறவு உப்பு' என்றுதான் ஒரு காலத்தில் வீடு வீடாகச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு இன்னும் அப்படித்தான். ரெயில் அந்த வெளியைத் தாண்டும்போது உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசும் என்பா. காற்று வாயில் கரிக்கும் என்பா. பேத்தி கேட்டால் அதைத்தான் சொல்லுவா, மற்றதை இல்லை. நானும் இடையில் புகுவதில்லை. அவள் பெரியவளாகும்போது மற்றதை என்னிடம் கேட்கட்டும், சொல்லுவன்.

போன வருடம் ஊருக்குப் போய்வந்த உறவுக்காரர் ஒருவர் அம்மாவுக்கு ஒரு பொலித்தீன் பையில் அங்கத்தைக் கல்லுப்புக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை, இடைக்கிடை மண் ஒட்டின உப்பு. அம்மா ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தா. மகளும் ஒன்று எடுத்து வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கறிக்குப் போட வேண்டாம்," என்றா அம்மா. "தேசிக்காய் ஊறுகாய்க்கு வைப்பம்."